பெயருக்கு முன்னால் எழுதாத ஒரு சொல்

(ஆலந்தலை கரை வாசகசாலைத் திறப்பு விழாவில், ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர் சாத்தான்குளம் செந்தூர்வேல் ஆற்றிய உரை)

அலையோசையே அரங்கிசையாக அமைந்த இந்த அவைக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் ஊர்க் கமிட்டித் தலைவர், அண்ணாச்சி செல்வின் அவர்களே! நான்கு கணினிகளுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துத் தந்த பங்குத்தந்தை அவர்களே! கரைக்கு வந்த கையோடு, காயாத ஈரத்தோடு, கடைசி வரிசை வரை கூடியிருக்கும் கடலறிந்த பெரியோர்களே! அடுப்பில் உலையை வைத்துவிட்டு, அது பொங்கிவிடுமோ என்று பாதி மனத்தை வீட்டிலும் மீதி மனத்தை இங்கும் வைத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில், ஊன்றுகோலை மடியில் சாய்த்துக்கொண்டு, பச்சைப் புடவையில், கழுத்தில் தாலியோடு அமர்ந்திருக்கும் டெல்பின் அம்மா அவர்களே! உங்கள் அனைவருக்கும் இந்தப் பனங்காட்டுக்காரனின் பணிவான வணக்கம்.

டெல்பின் அம்மாவின் பெயரை மட்டும் தனியாகச் சொன்னேன். தாலியையும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். அதைச் சொல்லி முடிக்கிறவரை என் குரல் உடையாமல் இருக்கவேண்டும் என்பதுதான் எனக்குக் கவலை.

என்னைப் பற்றித் தலைவர் அண்ணாச்சி ஏதேதோ சொன்னார்கள். அறிவின் காவலன் என்றார்கள். முப்பத்தோரு ஆண்டு நூலகப் பணி என்றார்கள். அண்ணாச்சி, காவலன் என்று சொன்னீர்களே, அது மட்டும் உண்மை. நான் காவல்தான் காத்தேன். யாரிடமிருந்து யாரைக் காத்தேன் என்பதைக் கேட்டுவிட்டு, போட்ட மாலையைத் திரும்பக் கேட்டாலும் கழற்றித் தந்துவிடுகிறேன்.

என் மக்களே! பல்கலைக்கழக நூலகம் என்றால் புத்தக அடுக்கு என்று நினைக்கிறீர்கள். அந்தக் காலம் போயிற்று. இன்றைக்கு ஆய்விதழ்களும் ஆவணங்களும் இணையத்தில் இருக்கின்றன. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கரையில் நடந்த முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்த குறிப்புகள்கூடப் படம் பிடித்து அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. வருஷா வருஷம் சந்தா கட்டி எங்கள் பல்கலைக்கழகம் அவற்றை வாங்குகிறது. வளாகத்துக்குள் கணினி முன்னால் உட்கார்ந்தால் எல்லாம் தானாகத் திறக்கும். வாசலைத் தாண்டி வெளியே வந்தால் எல்லாம் தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து திறக்கவேண்டுமென்றால் ஒரு பெயர், ஒரு கடவுச்சொல், அதற்குப் பிறகு கைப்பேசிக்கு வருகிற ஒரு ஓடிபி.

அங்கே ஒரு பெரியவர் “ஓடிபின்னா என்னது?” என்கிறார். கேளுங்கள் ஐயா, கேட்கத்தான் வேண்டும். ஆறு எண்கள். போனுக்கு வரும். அதைப் பார்த்துக் கணினியில் அடித்தால் கதவு திறக்கும். அந்த எண்ணுக்குப் பத்தே நிமிடம்தான் ஆயுள். பத்து நிமிடம் போனால் அது செத்துப்போகும்.

சாவி என்கிற சொல்லே கப்பலேறி இந்தக் கரைக்கு வந்த சொல் என்பார்கள். அந்தச் சாவியை யார் கையில் கொடுப்பது? கதவைத் திறக்கப்போகிறவர் கையில் கொடுக்கவேண்டும் என்று உங்கள் வீட்டுக் குழந்தை சொல்லிவிடும். ஆனால் எங்கள் நூலகத்தில் ஒரு விதி இருந்தது. ஆண்பிள்ளைகளுக்கு ஓடிபி அவரவர் போனுக்கு. பெண்பிள்ளைகளுக்கோ தகப்பனார் போனுக்கு. பிள்ளைக்கு இருபத்தேழு வயதானாலும் தகப்பனார் போனுக்கு. பிள்ளை முனைவர் பட்டம் வாங்கப்போகிறவளானாலும் தகப்பனார் போனுக்கு.

அங்கே ஒரு தம்பி சத்தம் போடுகிறார், “அந்த ரூலைப் போட்டது யாருய்யா?” என்று. நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் பொறுங்கள். அந்த ஆளை இந்த மேடையிலேயே காட்டித் தருகிறேன்.

உங்கள் ஊர்ப் பிள்ளை ஈவாஞ்சலினை உங்களுக்குத் தெரியும். பாஸ்கல் மகள். எனக்குத் தெரிந்த ஈவாஞ்சலினை நான் உங்களுக்குச் சொல்கிறேன். நூலகம் திறக்கிற நேரத்துக்கு முன்பே படியில் உட்கார்ந்திருப்பாள். முதல் பஸ்ஸில் வந்து, பூட்டுகிறவரை படித்துவிட்டுப் போவாள். வரலாற்றுத் துறையில் ஆய்வு. தலைப்பு என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

“கயிறு பிடிச்சவங்க சார்” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னாள். “முத்துக்குளிக்க முங்குதவன் இடுப்புல கயிறு கட்டி விடுவாவ சார். மேல வள்ளத்துல இருந்து அந்தக் கயிறைப் பிடிக்கது யாருன்னு நெனைக்கிய? அவன் மச்சினன், பெண்டாட்டி கூடப் பிறந்தவன். தங்கச்சி தாலி இருக்கணும்னா அவன் கயிறை விடமாட்டான்லா? பழைய குறிப்புல முங்கினவன் பேர் இருக்கு, வள்ளக்காரன் பேர் இருக்கு, சிப்பி எத்தனைன்னு இருக்கு. கயிறு பிடிச்சவன் பேர் எங்கயுமே இல்ல சார். அதைத்தான் தேடுதேன்.”

எத்தனையோ ஆராய்ச்சிகளைப் பார்த்தவன் நான். அன்றைக்கு அந்தப் பிள்ளை சொன்னதை என் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். எழுதிவைத்தேனே தவிர, கற்றுக்கொள்ளவில்லை.

அவளுடைய மூன்றாம் வருஷத்தில் அவள் தாய் டெல்பின் அம்மா படியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. பிள்ளை வீட்டோடு தங்கினாள். படிப்பையும் விடவில்லை. மடிக்கணினி ஒன்று வாங்கி, வெளியிலிருந்து நூலகத்தைத் திறக்கும் கணக்குக்கு விண்ணப்பம் போட்டாள். நானே கையெழுத்துப் போட்டேன். எண் என்கிற கட்டத்தில் விதிப்படி பாஸ்கலின் எண்ணை எழுதினாள்.

இந்த ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. வீட்டு நம்பர் என்பது இங்கே வீட்டில் இருக்காது. அது கடலுக்குப் போய்விடும். பாஸ்கல் அந்தப் போனை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, மதியச் சோற்று வாளிக்குள் வைத்து, விடியுமுன் கொண்டுபோய்விடுவார். நடுக்கடலில் ஏது சிக்னல்? ஆறு எண்ணும் அலைமேல் அலைந்து, பத்து நிமிடத்தில் செத்துப்போகும்.

அதற்குத் தகப்பனும் மகளும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நீங்களெல்லாம் கண்ணால் கண்டிருப்பீர்கள். இதோ சிரிக்கிறீர்கள், சிரியுங்கள்! மதியம் பன்னிரண்டரைக்கு வள்ளம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வரும்போது போனில் சிக்னல் வந்துவிடும். ஏலம் முடிந்து அவர் வீடு திரும்ப இருட்டிவிடும்; அந்த அரைகுறைச் சிக்னலிலோ செய்தி வரும், பேச்சு எடுக்காது. கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு இவள் பொத்தானை அழுத்துவாள். அங்கே பாஸ்கல் பையைப் பிரித்துப் போனைப் பார்ப்பார். வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் எழுந்து நின்றுகொண்டு, கை விரலால் எண்ணைக் காட்டுவார். நாலுக்கு நாலு விரல். ஏழுக்கு ஒரு கை முழுக்க, மறுகையில் இரண்டு. பூஜ்யத்துக்கு முஷ்டி. “ஏளா ஈவா, எழுதிக்கிட்டியா?” என்று ஒரு கூப்பாடு. பக்கத்து வள்ளத்துக்காரர்கள், “ஏலே, பாஸ்கல் மகளுக்குப் பாடம் நடத்துதாம்லே” என்று கேலி பண்ணுவார்கள். ஆறு எண்ணும் சேர்ந்ததும் கதவு திறக்கும். மூன்றாம் வகுப்புக்கு மேல் போகாத ஒரு மனிதர், தினமும் நட்டநடு மதியத்தில், கடலில் நின்றுகொண்டு, தன் மகளுக்குப் பல்கலைக்கழகத்தைத் திறந்துவிட்டார்.

அப்படி ஒரு வருஷம் ஓடியது.

போன வருஷம் நவம்பர் பதினெட்டு. கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று பாஸ்கல் தனியாகப் போனார். பன்னிரண்டரை ஆயிற்று. வரவில்லை. ஒன்றானது. வரவில்லை. நீங்கள் எல்லோரும் வள்ளம் எடுத்துத் தேடினீர்கள். நான்கு நாள் தேடினீர்கள். ஐந்தாம் நாள் அவர் வள்ளம் மட்டும் தெற்கே கரையொதுங்கியது. உள்ளே வலை இருந்தது, சோற்று வாளி இல்லை. மனிதர் இல்லை.

டெல்பின் அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் முன்னால் இதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

கடல் தராத மனிதருக்கு இந்த ஊரில் இறந்தோர் பூசை வைப்பதில்லை. உடல் வரவேண்டும், இல்லையென்றால் வீட்டார் சம்மதிக்கவேண்டும். அதுவரை தாலி இறங்காது. பங்குத்தந்தை ஞாயிற்றுக்கிழமை மன்றாட்டில், ‘தொழிலுக்குப் போனவர்கள்’ என்று வாசிக்கிற பட்டியலில் பாஸ்கல் பெயர் இன்றைக்கும் இருக்கிறது. இந்த வருஷம் கல்லறைத் திருநாளில் ஊரே கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோனபோது, டெல்பின் அம்மா வீட்டிலேயே இருந்தார்கள். கல்லறைக்குப் போக அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. அவர்கள் கணவர் தொழிலுக்குப் போயிருக்கிறார்.

டிசம்பர் இரண்டாம் வாரம் என் மேசைத் தொலைபேசி அடித்தது. ஈவாஞ்சலின் பேசினாள். ஜனவரி முப்பத்தொன்றுக்குள் ஆய்வேட்டை ஒப்படைக்கவேண்டும், நீட்டிப்பு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, இன்னும் ஒரே ஒரு அத்தியாயம், அதற்கு இரண்டு ஆவணங்களைத் திறக்கவேண்டும். இவ்வளவுதான்.

“சார், என் நம்பரையும் சேத்துக்கிடுங்க சார்” என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ஒரு கணக்குக்கு ஒரு எண்தானம்மா. மாற்றவேண்டுமென்றால் தகப்பனார் கையெழுத்து வேண்டும்” என்றேன்.

“அப்பா இல்லயே சார்.”

“அப்படியானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும்.”

நான் இரக்கமுள்ளவன் அல்லவா? சலுகை காட்டினேன்! “சான்றிதழ் கிடைக்கத் தாமதமாகும் என்று எனக்குத் தெரியுமம்மா. அது வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளில் கடிதம் எழுது. தகப்பனார் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று ஒரு சொல் சேர்த்துவிடு. ஐந்து நிமிடத்தில் மாற்றித் தருகிறேன். ஒரு சம்பிரதாயம்தானே” என்றேன்.

ஒரு சொல் என்றேன், மக்களே! சம்பிரதாயம் என்றேன்!

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. “அப்பா இன்னும் வரல சார். அவ்வளவுதான். அம்மா கழுத்துல தாலி கெடக்கு. நான் எப்படி சார் அதை எழுதுவேன்?” என்றாள்.

“பார்த்துக்கொள்ளம்மா, தேதி நெருங்குகிறது” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டுத் தேநீர் குடித்தேன். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, தேநீர் குடித்தேன்.

“ஒரு நாள் பஸ் ஏறி வந்துட்டுப் போயிருக்கலாமே” என்று அங்கே ஒரு அம்மா கேட்கிறார்கள். கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன். முறிந்த இடுப்போடு இருக்கிற தாய், மகள் கண் மறைந்தால் கரைக்குத் தவழ்ந்து போகிறார்களே, அம்மா, அந்தத் தாயை எப்படித் தனியாக விட்டுவிட்டு வருவாள்? இரண்டு தடவை அலை நனைத்த மணலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த இரண்டு ஆவணங்களை நானே திறந்து, நானே அனுப்பியிருக்கலாமே! என் கையில் எல்லாச் சாவியும் இருந்ததே! அதைக் கேளுங்கள். அதை என்னிடம் யாருமே கேட்கவில்லை.

ஜனவரி முப்பத்தொன்று போயிற்று. பிப்ரவரியில் அவள் பதிவு ரத்தாயிற்று. நான்கு வருஷ உழைப்பு. ஒரு சொல் எழுதியிருந்தால் இன்றைக்கு அவள் டாக்டர் ஈவாஞ்சலின். எழுதவில்லை. பட்டத்தை விட்டாள், தகப்பனை விடவில்லை.

தம்பி! விதியைப் போட்டது யார் என்று கேட்டீர்களே, இருக்கிறீர்களா? எழுந்து நின்று பாருங்கள். இந்த மாலைக்குள் இருக்கிறானே, இவன்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்று சொல்லி, நானே எழுதி, நானே வாசித்து, குழுவில் கைதட்டலும் வாங்கிய விதி அது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள், அனுஜா. வெளிநாட்டில் படித்தாள். அவளுக்கு வந்த ஓடிபி எல்லாம் அவள் போனுக்குத்தான் வந்தது. அப்போது எனக்கு உறைக்கவில்லை. என் மகளை நம்பினேன். உங்கள் மகளை நம்பவில்லை. மேலே நின்று கயிறு பிடிக்கவேண்டியவன் நான். விட்டுவிட்டேன்.

மே மாதம் ஓய்வுபெறுகிற நேரம். பொறுப்பை ஒப்படைப்பதற்காகக் கணினியின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார், எப்போது, எந்த எண்ணுக்கு ஓடிபி கேட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஈவாஞ்சலின் பெயரில் ஒரு நீண்ட வரிசை. நவம்பர் இருபத்தைந்து, பகல் பன்னிரண்டரை. இருபத்தாறு, பன்னிரண்டரை. இருபத்தேழு, பன்னிரண்டரை. கிறிஸ்துமஸ் அன்றைக்கும் பன்னிரண்டரை. பொங்கலன்றும் பன்னிரண்டரை. ஜனவரி முப்பத்தொன்று வரை, ஒருநாள் விடாமல், அறுபத்தெட்டு நாள், பாஸ்கலின் எண்ணுக்கு. எதிரே ஒவ்வொரு வரியிலும் ‘சேரவில்லை, சேரவில்லை’ என்று இருந்தது.

மறுநாளே பஸ் ஏறினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக இந்த ஊருக்கு வந்தேன். எழுபது கிலோமீட்டர்கூட இல்லை என் வீட்டுக்கும் இந்தக் கரைக்கும், ஐம்பத்தெட்டு வயதுவரை வந்ததில்லை. “ஏன் அம்மா தினமும் அழுத்தினாய்? அந்தப் போன் கடலுக்குள் போய்விட்டது என்று உனக்குத் தெரியாதா?” என்று கேட்டேன்.

“வள்ளம் வார நேரம்லா சார் அது” என்றாள். “கண்ணுக்குத் தெரியுத தூரத்துக்கு வந்துட்டா, அப்பா நம்பர் காட்டுவாவ.”

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். இப்போதும் அழுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் வேண்டாம் அண்ணாச்சி. முடித்துவிடுகிறேன்.

நாற்காலியை விட்டு இறங்குவதற்குள் அந்த விதியை ஒழித்தேன். துணைவேந்தர் அறை வாசலில் பதினோரு நாள் நின்று ஒழித்தேன். இனிமேல் எந்தப் பிள்ளையாக இருந்தாலும் சாவி அவரவர் கையில். இந்தக் கரையிலிருந்து மட்டும் பதினேழு பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். இந்த நான்கு கணினிகளின் முன்னால் உட்கார்ந்து அவர்கள் எல்லாக் கதவையும் திறக்கலாம். ஈவாஞ்சலினுடைய பழைய பதிவை மட்டும் என்னால் மீட்டுத்தர முடியவில்லை. மூன்று முறை மனுப் போட்டேன். மூன்று முறையும், காலம் கடந்துவிட்டது என்று திரும்பி வந்தது. அவள் முதலிலிருந்து சேர்ந்துதான் படிக்கவேண்டும். படிப்பாயா என்று கேட்டதற்கு, “பாப்போம் சார்” என்றாள். அந்த இழப்புக்கு ஈடு என்னிடம் இல்லை. எவரிடமும் இல்லை.

இதோ, இந்த வாசகசாலை உறுப்பினர்களுக்குப் பல்கலைக்கழக நூலகத்தைத் திறந்துவிடும் புதிய படிவம். அச்சடித்து வந்த முதல் தாள். முதல் பெயர் ஈவாஞ்சலின். நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், வாசிக்கிறேன். தகப்பனார் பெயர்: பாஸ்கல். அதற்கு முன்னால் ஒரு சொல்லும் இல்லை. எண் என்கிற கட்டத்தில் அவளுடைய சொந்த எண். அம்மா ஈவாஞ்சலின், கதவோரம் நிற்கிறாய், தெரிகிறது. மேடைக்கு வந்து கையெழுத்துப் போடம்மா.

என்னம்மா? சத்தமாகச் சொல். கைதட்டாதீர்கள் ஐயா, பிள்ளை ஏதோ சொல்கிறாள்.

...

மக்களே, அவள் சொன்னது பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. நான் சொல்கிறேன். “அப்பா நம்பரும் அதுல இருக்கட்டும் சார்” என்கிறாள்.

கேட்டீர்களா? போன டிசம்பரிலும் இதைத்தான் சொன்னாள். என் நம்பரையும் சேத்துக்கிடுங்க என்றாள். மாற்றச் சொல்லவில்லை. சேர்க்கச் சொன்னாள். அன்றைக்கும் என் காதில் விழவில்லை. அவ்வளவு அழுதும், அவ்வளவு அலைந்தும், இன்றைக்கும் ஒரே ஒரு கட்டம் போட்ட தாளைத்தான் அச்சடித்துக்கொண்டு வந்து நிற்கிறேன்.

அண்ணாச்சி, அந்தப் பேனாவைக் கொடுங்கள். இதோ, கையாலேயே இன்னொரு கட்டம் போடுகிறேன். எண்ணைச் சொல்லம்மா, எழுதுகிறேன். வேண்டாம். சொல்லவேண்டாம். அறுபத்தெட்டு வரிகளில் பார்த்த எண் அது, எனக்கு மனப்பாடம்.

எழுதிவிட்டேன். பாஸ்கல் பெயருக்கு நேரே பாஸ்கல் எண்.

மணி பன்னிரண்டு இருபது ஆகிறது. இந்த நேரத்துக்கு மேல் இந்த ஊரில் யாரையும் நாற்காலியில் பிடித்துவைக்க எனக்கு மனமில்லை. தலைமை தாங்கிய அண்ணாச்சிக்கும், மந்திரித்துத் தந்த பங்குத்தந்தைக்கும், பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், என்னை வாசலில் நிறுத்தாமல் வீட்டுக்குள் அழைத்துச் சோறு போட்ட டெல்பின் அம்மாவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. மன்னிப்புக் கேட்கவில்லை அம்மா, அதைக் கேட்கிற தகுதி இன்னும் வரவில்லை.

அனைவருக்கும் வணக்கம். டெல்பின் அம்மாவுக்கு வழி விடுங்கள், அவர்கள் முன்னால் போகட்டும். வள்ளம் வருகிற நேரம்.